பட்டவகுப்பு வரலாறு எங்கே தொடங்குகிறது?

(நாவலூரில் தமிழன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



இந்நாவலூர் வழியே போகும் சாலைக்கு அரசு இட்ட பெயர் ஒன்று. மக்கள் வாயில் நின்றுவிட்ட பெயர் வேறொன்று. பழைய மாமல்லபுரச் சாலை என்பதே மக்கள் அறிந்தது. அதையும் ஆங்கில மூவெழுத்தாக நறுக்கி, 'ஓ.எம்.ஆர்.' என்று சொல்லப் பழகிவிட்டனர். மாமல்லன் அந்த நடு எழுத்துக்குள் எங்கோ ஒடுங்கிக் கிடக்கின்றான்! சாலையின் இருமருங்கும் கண்ணாடி மாளிகைகள். கணிப்பொறித் தொழிலுக்கு ஆள் அணியமாக்கும் கல்லூரிகள். இக்கரையோரத்தில் பிறந்த ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, 'வரலாறு படிக்கப் போகின்றேன்' என்று சொன்னால், வீட்டில் துக்கம் கேட்பவர் போல் உறவினர் வந்து அமர்கின்றனர். வேறெந்த வகுப்பிலும் இடம் கிடைக்காதவன் ஒதுங்கும் திண்ணை என்றே இளங்கலை வரலாற்று வகுப்பைப் பலர் கருதுகின்றனர்.

இந்த இழிநிலைக்குப் பெற்றோரின் பொருளாசை ஒன்றே காரணம் என்று சொல்லித் தப்பிவிடுதல் எளிது. அஃது அரை உண்மையே. அவ்வகுப்பில் என்ன கற்பிக்கப்படுகிறது, எங்கிருந்து தொடங்கிக் கற்பிக்கப்படுகிறது, எம்மொழியில் கற்பிக்கப்படுகிறது என்பதையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும்.

பிற நாட்டார் இதனை எவ்வாறு செய்தனர்? ஆங்கிலேயரையே முதலில் எடுத்துக்கொள்க. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் வரலாறு நெடுங்காலம் தனிப் பட்டப் பாடமாக இருந்ததில்லை. 1850 இல் சட்டத்தோடு பிணைக்கப்பட்டு ஒரு பாடப்பிரிவாயிற்று. 1872 இல் சட்டத்தினின்று பிரிந்து தனித்து நின்றது. அத்தனிப் பிரிவிற்கு உயிராக இருந்தது எது? 1870 இல் வில்லியம் சுடப்சு என்னும் பேராசிரியர் தொகுத்து வெளியிட்ட பழம்பட்டயங்களின் தொகுப்பு. ஆங்கில அரசர் மக்களுக்கு ஈந்த உரிமையோலைகளும், ஆட்சி ஆவணங்களும், மூல இலத்தீன மொழியிலேயே அதில் அடங்கியிருந்தன. பதினெட்டும் பத்தொன்பதும் அகவையுடைய இளைஞர் அவற்றை வரிவரியாகப் படித்துப் பொருள் சொல்லியாக வேண்டும். தம் நாட்டு ஆவணத்தைத் தம் கண்ணாற் படித்துத் தாமே முடிவு காணும் பழக்கம் பட்டவகுப்பிலேயே ஊட்டப்பட்டது. தமிழகத்தை ஆள வந்த அதிகாரிகளுள் அக்கல்வி பெற்று வந்தோரும் உண்டு. அக்கல்வியின் வலிவை அவர்கள் நன்கறிவர். ஆனால் அதனை இங்குள்ளாருக்கு அவர்கள் கொடுத்தாரில்லை.

1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அது தோன்றிய காலத்தில் கற்பிக்கும் நிலையமன்று. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமே. மாநிலக் கல்லூரியும், கிறித்தவக் கல்லூரியும், கும்பகோணக் கல்லூரியும் அதன் தேர்வுக்கு மாணவரை அணியமாக்கின. அத்தேர்வுக்குரிய வரலாறு இங்கிலாந்தின் வரலாறு. அதன் பின்னே கிரேக்கம், உரோமை. இந்திய வரலாறு எனப்பட்டதோ பெரும்பாலும் வெள்ளையர் வந்து வென்ற கதை. காவிரிக் கரையிற் பிறந்தவன் தேம்சு ஆற்றங்கரையில் எந்த அரசன் எந்தப் பட்டயத்தில் கைச்சாத்திட்டான் என்று ஒப்புவித்துப் பட்டம் பெற்றான். தன்னூர்க் கோயிற் சுவரில் தன் பாட்டன் கிணற்றுக்கு எல்லை சொல்லியிருந்ததை அவன் படிக்கவுமில்லை, படிக்க அவனுக்கு யாரும் கற்பிக்கவுமில்லை. அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியர் இருவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரனார். கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெருந்தகை அவர். அப்பணிக்கு அவருக்குக் கைகொடுத்தவை அவர்தம் தமிழறிவும் ஏடு தேடி அலைந்த உழைப்புமேயன்றி, அப்பட்டவகுப்பன்று.

இந்நிலையை எதிர்த்து எழுந்த முதற்குரல் வரலாற்றுத் துறையிலிருந்து எழவில்லை என்பதும் கருதத்தக்கது. திருவனந்தபுரத்தில் மெய்யியல் கற்பித்த பேராசிரியர் பெ. சுந்தரனார், 'மனோன்மணீயம்' இயற்றியவர், 1897 இல் மறைந்தவர். இந்திய வரலாற்றை அறிவியல் முறையில் எழுதப் புகுவோன் கங்கைச் சமவெளியில் தொடங்குதல் பொருந்தாது, கிருட்டிணை, காவிரி, வையைக் கரைகளிலேயே தொடங்குதல் வேண்டும் என்னும் கருத்தை அவர் அன்றே முன்வைத்தார். அக்கருத்தை வின்சென்ட்டு சுமித்து தம் இந்திய வரலாற்று நூலிலேயே எடுத்துக் காட்டினார். காட்டிவிட்டு, அதற்கான காலம் இன்னும் வரவில்லை என்று ஒதுக்கி, வழக்கம்போல் வடக்கிலிருந்தே தொடங்கினார். 1904 இல் முதற்பதிப்புப் பெற்ற அந்நூல் பல பதிப்புகள் கண்டு, இந்தியக் கல்லூரிகளில் ஒரு தலைமுறைக்கு மேல் பாடநூலாயிற்று. ஒருவர் கருத்தை மறுத்துவிட்டால் அது மறுக்கப்பட்ட கருத்தென்றாவது நிற்கும். பாராட்டி ஒதுக்கிவிட்டாலோ, பின் எவரும் அதனைத் தொடுவதில்லை.

1914 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் துறை அமைந்தது. முதற் பேராசிரியர் ச. கிருட்டிணசாமியார். அவருக்குப் பின் 1929 இல் அவ்விருக்கையில் அமர்ந்தவர் க.அ. நீலகண்டனார். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்பவன் நடுநிலையாளன் ஆகான். பல்லாயிரங் கல்வெட்டுகளைத் துருவி, 1935 இலும் 1937 இலும் அவர் வெளியிட்ட 'சோழர்கள்' இருதொகுதிகளும் இன்றளவும் எடுத்தாளப்படுவன. தமிழ்ப் பண்பாட்டின் வளர்ச்சியை ஆரியத் தொடர்பைக் கொண்டே விளக்க முனையும் அவர்தம் நோக்கைத் தமிழறிஞர் பலர் மறுத்தனர். அது வேறு வழக்கு. இங்கு எண்ண வேண்டியது மற்றொன்று. தமிழில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் கொண்டு, தமிழரசரைப் பற்றி, தமிழ்நாட்டில் பிறந்தவர், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து எழுதிய நூல் ஆங்கிலத்தில் வந்தது. அது தமிழுக்கு வந்துசேர 1980களின் இறுதி ஆயிற்று. ஐம்பது ஆண்டு! அதற்குள் இரண்டு தலைமுறை மாணவர் பட்டம் பெற்று, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டனர்.

அவ்வைம்பதாண்டில் தமிழில் தமிழர் வரலாற்றை எழுதியோர் எவர்? தி.வை. சதாசிவனார், 'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதியவர், பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். குடந்தையில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியராய் இருந்து, பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சித் துறைக்குச் சென்றவர். மா. இராசமாணிக்கனார், பல்லவர் வரலாறும் சோழர் வரலாறும் 1940களிலேயே தமிழில் தந்தவர், தமிழ்த்துறைப் பேராசிரியர். மயிலை சீனி. வேங்கடசாமியார், மகேந்திரவர்மனைப் பற்றியும் வாதாபி கொண்ட நரசிம்மவர்மனைப் பற்றியும் தனித்தனி நூல் எழுதி, இம்மாமல்லபுரக் கடற்கரையைத் தமிழ் படிப்போர் கைக்குக் கொண்டுவந்தவர், தொடக்கப்பள்ளி ஆசிரியர். வரலாற்றுத் துறைகள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்க, தமிழில் வரலாறு தமிழாசிரியர் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தது. எனவேதான் பட்டவகுப்பில் வரலாறு பயின்ற மாணவனைக் காட்டிலும் புலவர் வகுப்பில் பயின்றவன் தன்னாட்டு வரலாற்றை மிகுதியாக அறிந்திருந்தான்.

1960 ஆம் ஆண்டு ஒரு திருப்பம். சி. சுப்பிரமணியனார் கல்வியமைச்சராய் இருந்தபோது, கோவை அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைப் பாடங்களைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி தொடங்கியது. பின்னர்ப் பாடநூல்கள் தமிழில் எழுதுவிக்கப்பட்டன, மொழிபெயர்ப்பும் செய்விக்கப்பட்டன. வரலாற்றுப் பேராசிரியர் கே.கே. பிள்ளை அவர்களின் 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' 1970களில் வந்தது. அரசர் பட்டியலோடு நில்லாமல் மக்கள் வாழ்வையும் பேசிய அந்நூல் வரலாற்றுத் துறையே தமிழுக்கு அளித்த நல்ல கொடை. அதுபோல் பத்து நூல் வந்திருப்பின் நிலைமை வேறாயிருக்கும். பெரும்பாலும் வந்தவையோ ஆங்கில நூலின் நிழல்கள். அந்நிழலின் நிழலாக வினா-விடைக் குறிப்பேடுகள். தமிழ்வழி மாணவனுக்குத் தமிழ்வழி என்பது அக்குறிப்பேடாகவே முடிந்தது.

அதே 1960 அளவில் கடலுக்கு அப்பாலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. 1974 இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. கைலாசபதி அதன் முதற்றலைவர். வரலாற்றுப் பேராசிரியர் கா. இந்திரபாலா. வளாகம் தோன்றிய சில ஆண்டுக்குள்ளேயே, 1980 ஆம் ஆண்டளவில், அவ்வரலாற்றுத் துறையினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்து, பெருங்கற்காலப் புதைகுழியிலிருந்து தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையைக் கண்டெடுத்தனர். தமிழில் கற்பித்தால் ஆராய்ச்சி தாழும் என்று இங்குள்ளோர் ஓதும் பாட்டுக்கு அம்முத்திரையே மறுமொழி. அடுத்த ஆண்டு, 1981 இல், யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிக்கப்பட்டது. வரலாறு பயனற்ற பாடம் என்று இங்கே பெற்றோர் கருதலாம். எரித்தவர் அவ்வாறு கருதவில்லை.

இனி ஆப்பிரிக்காவைப் பார்க்க. நைசீரியாவில் 1948 இல் தோன்றிய இபாதான் பல்கலைக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே வழங்கி வந்தது. பாடமும் அங்கிருந்தே வந்தது. கென்னத்து டிக்கே என்னும் நைசீரியர் அங்கு வரலாற்றுப் பேராசிரியராகிப் பாடத்தின் அச்சையே திருப்பினார். வெள்ளை அதிகாரிகளின் அலுவலக ஓலைகளை மட்டும் நம்பாமல், நாட்டு மக்களின் வாய்மொழி மரபையும் சான்றாகக் கொண்டார். நைசர் கழிமுகத்து வணிகத்தையும் அரசியலையும் பற்றிய அவர்தம் நூல் 1956 இல் வந்தது. நாட்டின் ஆவணக் காப்பகம் உருவாகவும் அவரே முதலாய் நின்றார். 1963 இலும்கூட ஆக்சுபோர்டுப் பேராசிரியர் திரெவர் உரோப்பர், ஆப்பிரிக்காவுக்கென்று வரலாறு ஏதும் இல்லை, அங்குள்ள ஐரோப்பியரின் வரலாறே உண்டு என்னும் பொருள்படப் பேசினார். அதற்குள் இபாதானில் ஆப்பிரிக்க வரலாறு பட்டவகுப்புப் பாடமாகிவிட்டது. எனினும் அங்குப் பொருள் மாறியதேயன்றிப் பயிற்றுமொழி மாறவில்லை, ஆங்கிலமே நின்றது.

சப்பானியர் இரண்டையும் செய்தனர். 1887 இல் இலுத்விக்கு இரீசு என்னும் செருமானியரைத் தோக்கியோவுக்கு அழைத்து, ஆவணத்தைச் சலித்து ஆராயும் முறையைக் கற்றுக்கொண்டனர். இரண்டே ஆண்டில், 1889 இல், தம் நாட்டு வரலாற்றுக்கெனத் தனித்துறை வகுத்தனர். முறையைக் கடன் வாங்கினர். பொருளையும் மொழியையும் கடன் வாங்கவில்லை. (அத்தன்னாட்டு வரலாறு பின்னாளில் அரச வழிபாடாகத் திரிந்து பிறநாட்டாரை நசுக்கத் துணைபோனதும் உண்டு. சான்றைச் சலிக்கும் பழக்கம் போய்ப் பெருமை மட்டும் எஞ்சினால் அவ்வாறுதான் ஆகும். தமிழருள் குமரிக்கண்டத்துக்கு அரச மரபு வரிசை எழுதி வைத்திருப்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க.)

தமிழ்நாட்டில் இன்று நிலை என்ன? இளங்கலை வகுப்பில் தமிழக வரலாறு தனித் தாளாகவே உள்ளது. இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் தாள் உள்ளதே தவிர மூலம் இல்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்க. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தது, முதற் பராந்தகன் காலம், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியன. 'குடவோலை முறை: சோழர் கால மக்களாட்சி' என்று ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஒரு விடை எல்லா மாணவரும் அறிவர். கல்லைப் படித்தவர் எத்தனை பேர்? படித்தால் தெரியும். ஊர் முப்பது குடும்பாகப் பகுக்கப்பட்டது. ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். நிற்பவன் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாதல் வேண்டும். தன் மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவை வேண்டும். வேதமும் அதன் உரைப்பகுதியும் கற்றிருத்தல் வேண்டும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினனும் நிற்கலாகாது. இது பார்ப்பனர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சவை. நிலமுடைய பார்ப்பன ஆடவர் தமக்குள் வகுத்துக்கொண்ட முறை. உழுதவனுக்கு அதில் இடமில்லை, பெண்ணுக்கு இல்லை. இதனைத் தமிழர் எல்லாரின் மக்களாட்சி என்று மேடையில் முழங்குவோர் கல்லைப் பாராதவர். கணக்குக் காட்டாதவனின் உறவினனும் நிற்கலாகாது என்னும் விதியின் கூர்மையைப் போற்றலாம்; யார் யாருக்கு வகுத்த விதி என்பதையும் மறவாது கற்பிக்க வேண்டும்.

அக்கல்லின் நடையே ஒரு பாடம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்னும் தமிழ்ச் சொற்களோடு 'சம்வற்சர வாரியம்' என்னும் வடசொல்லும் கலந்து நிற்கிறது. எந்தக் காலத்தில், எவர் கையில், ஆட்சித்தமிழ் கலப்புற்றது என்பதை அவ்வரிகளே காட்டும். ஆனால் இன்றைய மாணவனுக்கு அக்கல் எவ்வழியே வருகிறது? தமிழ்க் கல்லை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். ஆங்கிலத்தைப் பாடநூலார் மீண்டும் தமிழில் பெயர்த்தனர். அதனைக் குறிப்பேட்டார் சுருக்கினர். ஏரி வாரியம் 'குளக் குழு' ஆகித் திரும்பி வந்தால் அதில் வியப்பென்ன?

இம்மாவட்டத்தைப் போல் பட்டவகுப்பு மாணவனுக்கு வாய்த்த ஆய்வுக்களம் உலகில் பல இல்லை. 1863 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள் இராபர்ட்டு புரூசு பூட்டு இந்தியாவின் முதற் பழங்கற்காலக் கருவியைக் கண்டறிந்தது பல்லாவரத்தில். பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து இன்று திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போய்விட்ட அத்திரம்பாக்கத்தில், ஏறத்தாழ 3,85,000 ஆண்டுக்கு முன்னரே இடைப் பழங்கற்காலக் கருவிநுட்பம் தோன்றியிருந்தமை 2018 இல் வெளியான ஆய்வால் தெரிந்தது. சானூர்ப் பெருங்கற்கால ஈமக்குழிகள் 1950களின் தொடக்கத்தில் அகழப்பட்டன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை பல உயிர்களைக் கொண்டு சென்றது. மணலை வாரிச் சாளுவன்குப்பத்தில் ஒரு கல்வெட்டுப் பாறையையும் வெளிக்காட்டியது. இராட்டிரகூட மூன்றாம் கிருட்டிணன் காலத்து அவ்வெழுத்தைப் பின்தொடர்ந்து சென்று தொல்லியல் துறையினர் அகழ, பல்லவர் சோழர் காலக் கல்வெட்டுகளோடு, அடியில் செங்கல்லாலான முருகன் கோயிலும் கல்வேலும் வெளிப்பட்டன. அவ்வூரின் பழம்பெயர் திருவிழிச்சில் என்பதும் தெரிந்தது. செங்கற் கட்டடம் கழகக் காலத்தது என்பது அகழ்ந்தவர் கருத்து. அது சரியா, எச்சான்று கொண்டு சொன்னார்கள், செங்கல்லின் அளவு என்ன சொல்கிறது என்று கேட்டு வாதிடுவதற்குப் பட்டவகுப்பு மாணவனை விட்டால் வேறு யார்? அதே ஊரில் அதிரணசண்டக் குடைவரையில் ஒரே செய்தி எதிரெதிர்ச் சுவரில் கிரந்தத்திலும் நாகரியிலும் வெட்டப்பட்டுள்ளது. 1890 இல் உல்ட்சு என்னும் செருமானியர் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் முதல் மடலம் இப்பகுதிப் பல்லவர் எழுத்துகளையே முதலிற் கொண்டது. கல்வெட்டியலின் வாயில் இக்கடற்கரை. அவ்வாயிலில் நாள்தோறும் பேருந்து போகிறது, மாணவன் போகவில்லை. ஐந்தேர்களுக்குப் பாண்டவர் பெயரிட்டு வழங்குவது பிற்காலக் கற்பனை என்பதும், அறத்தேர் எனப்படுவதன் மேல் பல்லவ அரசனின் பட்டப்பெயர்களே உள்ளன என்பதும், அங்குப் படம் எடுத்துத் திரும்புவோரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்நிலையில் தில்லியிலிருந்து ஓர் ஓலை. 2021 இல் பல்கலைக்கழக நல்கைக் குழு இளங்கலை வரலாற்றுக்கு ஒரு பாடத்திட்டச் சட்டகம் வகுத்தது. அதன் முதல் தாள் 'பாரதம் என்னும் கருத்து'. வேதமும் உபநிடதமும் புராணமும் அங்கே முன்வாயிலில். சுமித்துக்குப் பின் நூறாண்டு கழிந்தும் தொடக்கம் வடக்கிலேயே! ஆங்கிலேயன் 'காலம் வரவில்லை' என்றாவது சாக்குச் சொன்னான். தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் வெளியிட்ட காலக்கணிப்பு, சிவகளையில் இரும்பு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டில் வழங்கியதைக் காட்டுவதாக அறிவித்தது. கீழடியில் 2015 முதல் அகழாய்வு. இக்காலக்கணிப்புகளை அறிஞர் ஆய்ந்து உறுதி செய்யட்டும், மறுப்பிருந்தால் மறுக்கட்டும்; அவ்வாய்வே பாடம். அதனை விட்டுவிட்டு எதனைக் கொண்டு வகுப்பைத் தொடங்குவது?

மூலச் சான்றுகள் இருக்கும் இடத்தையும் அறிதல் வேண்டும். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் உதகையில் இருந்தன. 1966 இல் அலுவலகத்தோடு மைசூர் சென்றன. 2021 ஆகத்துத் திங்களில் சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை, அவற்றைத் தமிழகத்துக்குக் கொணர ஆணையிட்டது. படிகள் வந்தால் மட்டும் போதுமா? படிக்கத் தெரிந்தவர் வேண்டாவா? கல்வெட்டெழுத்துப் படிக்கத் தெரியாமலே ஒருவன் தமிழ்நாட்டில் வரலாற்றுப் பட்டம் பெற்றுவிட முடியும் என்பது, இலத்தீன் தெரியாமல் அன்றைய ஆக்சுபோர்டில் பட்டம் பெறலாம் என்பது போன்றது. அங்கே அது நடவாது; இங்கே நாள்தோறும் நடக்கிறது.

தமிழ்வழி பயின்றோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமையாகக் கொடுக்கும் சட்டம் 2010 இல் வந்தது; பள்ளி முதலே தமிழில் பயின்றிருக்க வேண்டும் என்று 2020 இல் திருத்தப்பட்டது. இளங்கலை வரலாறு தமிழில் பயின்றவனுக்கு ஒரு பிழைப்பு வாயில் அதனால் திறந்துள்ளது. தொல்லியல் துறை, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், சுற்றுலா ஆகியவற்றில் அவனுக்கு இடம் உண்டு. எழுத்தறிந்தவனாய் அவன் சென்றால் அவ்விடம் அவனுக்கு நிலைக்கும்.

செய்ய வேண்டுவன செலவு மிகுந்தவை அல்ல. முதற்பருவத்தில் தமிழியும் வட்டெழுத்தும் பழந்தமிழெழுத்தும் பயிற்றி, தன் வட்டத்துக் கல்வெட்டு ஐந்தை மாணவன் கல்லில் வைத்தே படிக்கச் செய்யலாம். கல்வெட்டு மடலங்களின் ஆங்கில முன்னுரைகளைத் தமிழாக்கித் தரலாம். வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் ஒரே அறையில் அமர்ந்தால் ஓராண்டு வேலை அது. செங்கற்பட்டிலும் தாம்பரத்திலும் கல்லூரிகள் உள்ளன. நாவலூர் அன்பர்கள் தத்தம் ஊர்க் கோயிற் சுவரில் வெள்ளையடிக்க வரும் திருப்பணியாளரை ஒரு கிழமை நிறுத்தி வைத்து, அக்கல்லூரி மாணவருக்குச் சொல்லியனுப்பினால், எழுத்து சுண்ணாம்புக்கடியில் மறையுமுன் படியெடுக்க அவர்களுக்கு வழி பிறக்கும். இவ்வாண்டு திருப்பணி நடக்கவிருக்கும் கோயில்களின் பட்டியலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு இங்கு வந்துள்ள இளைஞர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.